கடைக்காரர் சொன்ன அளவு

என் அளவு 34 என்று முடிவு செய்தவர் மன்னார்குடியில் ஒரு ஜவுளிக்கடைக்காரர். 1993-ல் என் கல்யாணத்துக்குப் புடவையெல்லாம் எடுத்து முடித்து, பில் போடும் நேரத்தில் அம்மா குரலைத் தாழ்த்தி, "அப்படியே பாடியும் நாலு வச்சுடுங்க" என்றாள். "ஜாக்கெட் என்ன சைஸ்மா?" என்று கேட்டார் அவர். "முப்பத்தினாலு." அது எங்கள் தையல்காரர் தன் நீள நோட்டில் எழுதி வைத்திருந்த மார்புச் சுற்றளவு. மேல்தட்டிலிருந்து அட்டைப் பெட்டிகள் இறங்கின. பெட்டியின் ஓரத்தில் 85 செ.மீ. என்றும் 34 என்றும் அச்சடித்திருந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. செய்தித்தாளில் சுற்றி, கூறைப்புடவைக்கு அடியில் வைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது. அந்த 34 ராசி நட்சத்திரம் மாதிரி ஒட்டிக்கொண்டு என்னோடு ரயிலேறி டெல்லி மயூர் விஹாருக்கு வந்து சேர்ந்தது.

பாடி என்கிற இந்த உள்ளாடைக்கு இரண்டு அளவு வேண்டும். மார்புக்குக் கீழே விலாவை ஒட்டிச் சுற்றும் பட்டைக்கு ஒன்று, மார்பின் எடுப்பான இடத்துக்கு இன்னொன்று. பெட்டியில் போட்டிருக்கிற எண் பட்டையுடையது. இரண்டுக்கும் நடுவே எத்தனை அங்குலம் வித்தியாசமோ அதுதான் கப்: 1 என்றால் ஏ, 2 என்றால் பி, 3 சி, 4 டி. தையல்காரர் ஜாக்கெட்டுக்கு எழுதிக்கொள்வதோ எடுப்பான இடத்தின் சுற்றளவை. அந்த எண்ணைத் தூக்கிப் பட்டைக்குக் கொடுத்துவிட்டால் கணக்கு அங்கேயே கோணிவிடும். எனக்கு விலாவைச் சுற்றி 30, மேலே 34. முறையாகப் பார்த்தால் 30 டி. வருஷக்கணக்காக நான் போட்டதோ 34 பி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பட்டை ஓர் அளவு ஏறினால் எழுத்து ஒன்று இறங்கும். ஆனால் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய அதேதான். 30 டி, 32 சி, 34 பி மூன்றும் இந்த வகையில் பங்காளிகள். அதனால்தான் தப்பான அளவு தப்பென்று பட்டென்று தெரிவதில்லை. கண்ணாடி முன் நின்றால் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரிதான் இருக்கும். கோளாறு முதுகுப் பக்கம். தளர்ந்த பட்டை பின்னால் மேலே ஏறும், அது ஏற ஏற முன்பக்கம் சரியும், உடனே கை தானாகப் போய்த் தோள்நாடாவை இறுக்கும். விலாவைச் சுற்றிய பட்டை தாங்க வேண்டிய பாரத்தை ஒரு விரற்கடை அகல நாடா இரண்டு தாங்கத் தொடங்கும். எங்கள் சொசைட்டியில் ஐம்பது தாண்டிய பெண்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், தோளில் ஒரு பள்ளம் இருக்கும். வயசானால் வருவது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஊரில் இருந்தவரை இது வெளியே வராததற்கு ஒரு காரணம் ஜாக்கெட். நம் தையல்காரர் முன்பக்கம் டக் பிடித்து, இடுப்புப் பட்டியை விலாவோடு ஒட்டித் தைத்து, கொக்கி மாட்டும்போது மூச்சை உள்ளே இழுக்க வைக்கிறாரே, பாதி வேலையை அந்த ஜாக்கெட்டே செய்துவிடும். உள்ளே இருப்பது சும்மா ஒப்புக்கு. டெல்லிக்கு வந்ததும் நான் சல்வார் கமீஸுக்கு மாறினேன். பஸ்ஸில் ஏறி இறங்க அதுதான் சௌகரியம், குளிருக்கும் அதுதான். தொளதொளவென்ற கமீஸுக்குள் பிடித்து நிறுத்த ஜாக்கெட் இல்லை. அப்போதுதான் 34-இன் குட்டு வெளிப்பட்டது. ஜூலை மாதப் புழுக்கத்தில் மேலே ஏறிய பட்டைக்கடியில் வேர்க்குரு கொப்பளித்து, ராத்திரி பவுடரைக் கொட்டிக்கொண்டு படுத்த நாட்கள் உண்டு. டெல்லி வெயிலைத் திட்டினேனே தவிர, பட்டையைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கடைத்தெருவில் இதை விற்றவர்கள் எல்லோரும் ஆண்கள். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் பையா. இந்தப் பக்கம் நாம். நடுவே கண்ணாடி அலமாரியில் கைக்குட்டையும் சாக்ஸும். "தர்ட்டி ஃபோர் தீஜியே" என்று சொல்லி முடிப்பதற்குள் நாம் வேறெங்கோ பார்க்கத் தொடங்கியிருப்போம். அவரும் நாகரிகமாக வேறெங்கோ பார்த்துக்கொண்டே பெட்டியைத் திறப்பார். ஒருமுறை ஒருவர், "பி யா சி?" என்றார். அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். விழித்தேன். "பி தே தேத்தா ஹூம், சப் வஹீ லேத்தே ஹைம்" என்று அவரே முடித்துவிட்டார். எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்களாம். எல்லோரும் ஏன் அதையே வாங்கினார்கள் என்றால், அவர் கடையில் இருந்ததே அதுதான். 30-லிருந்து 40 வரை பி, எப்போதாவது சி. அதற்கு மேல் போனால் சரக்கு தேங்கிவிடும் என்பது வியாபாரியின் கணக்கு. பட்டைக்கு ஆறு அளவு, கப்புக்கு ஆறு எழுத்து என்று வைத்தாலே 36 பெட்டி, அதிலும் நிறத்துக்கு ஒன்று. சாக்ஸ் விற்கும் கடையில் அதற்கு ஏது இடம்?

போட்டுப் பார்க்க முடியாது, திருப்பித் தர முடியாது. வீட்டுக்கு வந்து பொருந்தவில்லை என்றால் உடம்பைத்தான் குறை சொல்லிக்கொள்வோம்.

வாரச்சந்தை இன்னும் எளிது. சாயங்காலமானால் சாலையோரம் பலகையும் பல்பும் முளைத்து, காய்கறிக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் நடுவே ஒரு கட்டில் நிறைய இது குவிந்து கிடக்கும். கூச்சம் என்ற பேச்சே அங்கில்லை. பெண்கள் குர்த்தாவின் மேலேயே வைத்து இழுத்துப் பார்த்து, ரப்பரைச் சுண்டிப் பார்த்து எடுப்பார்கள். அட்டையில் ஒரு எண் இருக்கும். அதே எண் போட்ட இரண்டை அடுத்தடுத்து வைத்தால் நாலு விரல் நீளம் வித்தியாசப்படும். கடையில் கூசிக் குறுகி வாங்குவதைவிட இங்கே கையால் அளந்து எடுப்பவள் புத்திசாலி என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

எதிர்வீட்டு மாமிக்குக் கழுத்து வலி வந்த குளிர்காலத்தில்தான் இந்தப் பேச்சு எங்களுக்குள் வெளிப்படையாக எழுந்தது. மாமி சுபசித்தி விநாயகர் கோயிலுக்கு நடந்தே போய்விட்டு வருகிற ஆள். திடுதிப்பென்று கை தூக்க முடியவில்லை என்றார். பிசியோதெரபிஸ்ட் தலையணையைக் கேட்டாராம், மெத்தையைக் கேட்டாராம், மொபைல் பார்க்கும் நேரத்தைக் கேட்டாராம். எனக்கு அப்போதுதான் நொய்டாவில் ஒரு கடையில் பாடம் ஆகியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். "மாமி, ஒரு தடவை டேப் வச்சுப் பாத்துடலாமா?" என்றேன். "எதை?" என்றார். சொன்னேன். "அடிப்பாவி, அறுபத்திரண்டு வயசுல எனக்கு எதுக்குடி அளவு?" என்று சிரித்தவர், கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் திரும்பி வந்தார்.

தையல் மெஷின் டிராயரில் கிடந்த மஞ்சள் டேப். மார்புக்கு நேர் கீழே, முதுகில் ஏறாமல் இறங்காமல் தரைக்குச் சமமாகச் சுற்றி, மூச்சை முழுக்க வெளியே விடச் சொல்லி இறுக்கிப் பிடித்தேன்: 34. பிறகு மாமியை இடுப்பிலிருந்து முன்னால் குனியச் சொல்லி, எடுப்பான இடத்தில் இறுக்காமல் சுற்றிப் பார்த்தேன்: 39. வித்தியாசம் 5. டி-க்கு அடுத்தது. மாமி போட்டுக்கொண்டிருந்தது 38 பி. அதுவும் கடைசிக் கொக்கியில், தோள்நாடா இழுக்க முடிந்த மட்டும் இழுத்து. பட்டையில் இரண்டு விரல் நுழையலாம் என்பார்கள். மாமியின் பட்டையில் என் கை முழுக்கப் போய் வந்தது. "இது பாட்டுக்குச் சும்மா இருக்குமேடி, அதான் நன்னாருக்குன்னு நெனச்சேன்" என்றார். நாற்பது வருஷமாக அது ஒன்றும் செய்யாமல் சும்மாதான் இருந்திருக்கிறது.

அன்றைக்கே இன்னொரு சந்தேகமும் வந்தது. கறுப்புக் கலர் போட்டால் கேன்சர் வருமாம், இறுக்கமாகப் போட்டாலும் வருமாம், வாட்ஸ்அப்பில் வந்ததாம். அமெரிக்காவில் சியாட்டிலில் 2014-ல் வெளியான ஆய்வு மாதவிடாய் நின்ற பெண்களிடம் எந்த வயதில் போட ஆரம்பித்தார்கள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், என்ன கப் என்றெல்லாம் கேட்டுப் பார்த்து, புற்றுநோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட்டது. வாட்ஸ்அப் செய்தி மட்டும் ஓய்ந்தபாடில்லை. சரியான பட்டை என்றால் கொஞ்சம் இறுக்கமான பட்டை என்பதால், இந்தப் பயமே பல பேரைத் தளர்ந்த அளவில் உட்கார வைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

பத்திரிகைகளில் 80 சதவீதப் பெண்கள் தப்பான அளவு போடுகிறார்கள் என்று ஒரு வரி அடிக்கடி வரும். அதைப் படித்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். 80 சதவீதத்துக்குக் கையைக் காட்டும் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2008-ல் வந்தது. அதில் இருந்தவர்கள் 30 இளம்பெண்கள். 2010-ல் உல்லங்காங் பல்கலைக்கழகத்தில் டெய்ர்டிரி மெக்கீயும் ஜூலி ஸ்டீலும் 104 பெண்களைப் பார்த்து 85 சதவீதம் என்றார்கள். சின்னக் கூட்டங்கள், எல்லாம் அங்கே. மயூர் விஹார் பெண்களையோ மன்னார்குடிப் பெண்களையோ யாரும் டேப் எடுத்து வரிசையில் நிற்கவைத்து எண்ணவில்லை. ஆனால் அந்த ஆய்வுகளில் சதவீதத்தைவிட உருப்படியான ஒரு விஷயம் இருக்கிறது: டேப்பை மட்டும் நம்பினால் நிபுணர்களே தடுமாறுகிறார்கள். பிரிட்டனில் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் 2012-ல் 45 பெண்களை வைத்துப் பழைய டேப் முறையைச் சோதித்ததில், 76 சதவீதம் பேருக்குப் பட்டை பெரிதாகவும் 84 சதவீதம் பேருக்குக் கப் சின்னதாகவும் வந்தது. பட்டை பெரிது, கப் சின்னது. மன்னார்குடிக் கடைக்காரர் டேப்பே இல்லாமல் என்னை அனுப்பி வைத்த அதே திசை.

பழைய டேப் முறை என்றால் விலா அளவோடு 4 அங்குலம் கூட்டிக்கொள்வது. துணி நெகிழாத காலத்துக்கு அது சரியாக இருந்திருக்கலாம். இப்போதிருக்கும் ரப்பர் பட்டை இழுத்தால் வரும். அதற்கும் 4 கூட்டினால்? எனக்கு 30-ஓடு 4 சேர்ந்தால் 34. ஜாக்கெட் வழியாக வந்தாலும் 34, இந்தக் கணக்கு வழியாக வந்தாலும் 34. எந்தத் தெருவில் போனாலும் அதே முச்சந்தியில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள்.

எழுத்து விஷயமும் அப்படித்தான். கப்புக்கு எழுத்து போடும் வழக்கமே 1930-களில் அமெரிக்காவில் வந்தது. வார்னர் கம்பெனி 1937-ல் ஏ, பி, சி, டி என்று நாலோடு நிறுத்தியது. டி என்றால் ஏதோ பிரம்மாண்டம் என்ற நினைப்பு அந்த நாலெழுத்தின் மிச்சமாக இருக்கலாம். 30 டி என்று நான் சொன்னபோது என் ஓரகத்தி, "உனக்கா?" என்று ஏற இறங்கப் பார்த்தாள். ஒல்லி விலாவில் டி என்பது சின்ன அளவுதான். 40-க்கு டி என்பது வேறு. டி-க்கு மேலே போனால் ஊருக்கு ஒரு எழுத்து. பிரிட்டனில் டிடி, அப்புறம் ஈ. அமெரிக்காவில் டிடி, டிடிடி. ஐரோப்பாவில் நேரே ஈ, எஃப். எண்ணும் அப்படியே. நம் பெட்டியில் 80 என்றால் 32 அங்குலத்தின் சென்டிமீட்டர். ஐரோப்பியப் பெட்டியில் 80 என்றால் அவர்கள் விலாவை நேராக அளந்த எண். நாலு கூட்டும் கணக்கில் நம் பெட்டிக்கு அது 36. வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பிய பார்சலைப் பிரித்து, "இது யாருக்கு?" என்று கேட்ட பெண்கள் எங்கள் சொசைட்டியிலேயே உண்டு.

நொய்டா கதைக்கு வருகிறேன். 2009 நவம்பரில் எங்களுக்கு மெட்ரோ வந்தது. செக்டர் 18 மால்கள் கொஞ்ச நேரப் பயணத்தில். அங்கே ஒரு கடையில் முதல்தடவையாகக் கழுத்தில் டேப் தொங்கவிட்ட ஒரு பெண் என்னைப் பார்த்து, "மேடம், மெஷர் கரூம்?" என்றாள். போட்டுப் பார்க்க அறை, கண்ணாடி, கதவு. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அளந்தது கம்பளிக் குர்த்தாவுக்கு மேல். வந்த அளவைச் சொல்லவில்லை. உள்ளே போய் 34 பி-யையே கொண்டு வந்தாள். "32 இருக்கா?" என்றேன். "32-ல் சி இல்ல மேடம், இது சிஸ்டர் சைஸ், சேம்தான்." பங்காளிக் கணக்கை அவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், இல்லாத சரக்குக்குப் பதில் இருக்கிற சரக்கைத் தள்ளுவதற்கு. இரண்டு தரம் கேட்டதும் பக்கத்து ராக்கிலிருந்து 32 சி ஒன்று வந்தது. உள்ளே போய் மாட்டிக்கொண்டு கையை மேலே தூக்கினேன். முதுகில் ஒன்றும் நகரவில்லை. கீழே குனிந்து நிமிர்ந்தேன், நாடாவை இரண்டு பக்கமும் தோளிலிருந்து தள்ளிவிட்டுக்கூடப் பார்த்தேன். நின்ற இடத்தில் நின்றது. டேப் சொன்னது 30 டி என்றாலும் எனக்கு உட்கார்ந்தது அந்தக் கம்பெனியின் 32 சி. வேறொரு கம்பெனியில் 32 டி. எண் ஒரு தொடக்கம்தான். கை தூக்கிப் பார்ப்பதுதான் சோதனை.

புதிதாக வாங்கும்போது வெளிக்கொக்கியில் பொருந்த வேண்டும், ரப்பர் தளரத் தளர உள்கொக்கிக்குப் போக வேண்டும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. மூன்று வரிசைக் கொக்கி அழகுக்கு என்று நினைத்திருந்தேன். மாமி முதல்நாளே கடைசிக் கொக்கியில் தொடங்குவார். அப்புறம் போக இடமேது? அதைவிட, நாம் இதைத் துவைத்துக் காயப்போடும் விதம். பால்கனியில் எதிர்வீட்டுக்காரர் கண்ணில் படாமல் துண்டுக்கு அடியில், பாவாடைக்கு அடியில், அரை ஈரத்தில். ரப்பர் போன பிறகும் "இன்னும் கிழியலையே" என்று வருஷக்கணக்கில் ஓட்டுவோம். மேலே தெரியாத துணிக்குக் காசு போட நம் வீடுகளில் மனசு வராது. பிரசவத்துக்கு முன், பால் கொடுக்கும்போது, மாதவிடாய் நிற்கும்போது என்று உடம்பு மாறிக்கொண்டே இருக்க, அலமாரியில் அளவு மட்டும் மாறாது.

எங்கள் வீட்டுக்குத் திரிலோக்புரியிலிருந்து வேலைக்கு வரும் அக்கா, விழுப்புரம் பக்கம். நானும் மாமியும் பேசிச் சிரிப்பதைக் கேட்டுவிட்டு, "என்னதும் பாரும்மா" என்று வந்து நின்றாள். விலா 28, மேலே 32. போட்டிருந்தது ஏதோ ஒரு வீட்டில் கொடுத்த 36. இரண்டு பக்கமும் ஊக்கு குத்திச் சின்னதாக்கியிருந்தாள். ஊக்கு குத்திய இடத்தில் தோல் கறுத்துத் தடித்திருந்தது. 28-ல் டி கப்பை எந்த வாரச்சந்தையில் போய்த் தேடுவது? ஆன்லைனில் இருக்கும், அவள் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்து வாங்கும் மாதச் சம்பளத்தில் பாதியைக் கேட்கும். கடைசியில் சந்தையில் 32 ஒன்று வாங்கி, பின்பட்டையில் இரண்டு பக்கமும் ஒவ்வோர் அங்குலம் பிடித்து மெஷினில் தைத்துக் கொடுத்தேன். "மூச்சு முட்டுதும்மா" என்றாள் முதல் நாள். மறுநாள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் இன்னும் இரண்டு கொண்டு வந்தாள்.

சென்னையில் வளர்ந்த என் சிநேகிதிகளுக்குப் பாண்டி பஜார் நாயுடு ஹால் இருந்தது. உள்ளாடைக்கென்றே அம்மாக்கள் பெண்களைக் கூட்டிப்போகும் கடை. எங்களுக்கு அது இல்லை. இப்போதிருக்கும் பிள்ளைகளுக்கு போன் இருக்கிறது, அளவுக் கணக்கு போட்டுத் தரும் ஆப் இருக்கிறது. ஆனாலும் மூன்றாவது மாடிப் பெண் பள்ளியில் கபடியை விட்டுவிட்டாள். காரணம் கேட்டால் "சும்மா" என்றாள். பிரிட்டனில் 2016-ல் 2,089 பள்ளி மாணவிகளிடம் கேட்டதில் 46 சதவீதம் பேர் மார்பகத்தால் விளையாட்டில் தங்களுக்குத் தடங்கல் என்று சொல்லியிருக்கிறார்கள். 87 சதவீதம் பேர் இதைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் டேப்பைக் கொடுத்தனுப்பினேன்.

மாமிக்கு ஆன்லைனில் இஷ்டமில்லை. "பாக்காம எப்படிடி வாங்கறது?" என்று, பழைய கடைக்கே என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பையா வழக்கம்போல் 38 பெட்டியை எடுத்தார். மாமி தன் தஞ்சாவூர் இந்தியில், "சௌந்தீஸ் டபுள் டி" என்றார். அவர் ஒரு கணம் மாமியைப் பார்த்தார். "மாதாஜி, ஆப்கோ சௌந்தீஸ் நஹீம் ஆயேகா." முப்பத்தினாலு மாமிக்குச் சேராதாம். "ஆயேகா. ஆப் மங்காவோ" என்றார் மாமி. சேரும், நீங்கள் தருவியுங்கள் என்று. அப்படி ஒரு அளவே கம்பெனியில் கிடையாது என்று அவர் சாதிக்க, மாமி பையிலிருந்து என் போனைப் பிடுங்கிப் படத்தைக் காட்டினார். சதர் பஜாரிலிருந்து வர ஒரு வாரம் ஆகும், ஒன்றுக்காகத் தருவிக்க முடியாது, மூன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும், முன்பணம் வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். மாமி முன்பணம் கொடுத்தார். சரக்கு வந்தபோது மூன்றும் ஒரே நிறம், தோல் நிறம், விலை பழையதைப்போல் மூன்று மடங்கு. மாமி ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசி முப்பதுக்கு ஒத்துக்கொண்டார். வரும்வழியில், "ஏண்டி, இவன் அந்தப் பெட்டில பாக்கி இருக்கறத அலமாரில வச்சானே, பாத்தியோ? பி பிளாக் காரிக்கும் அதே அளவுதான் இருக்கும்னு தோணறது. நாளைக்கு அவளை அழைச்சுண்டு வரலாம்" என்றார்.